வாசல் எந்த நாட்டில்?

டிம்ஃப்னாவின் முடிதிருத்தும் கடையில் தரைக்குக் குறுக்கே ஒரு பித்தளைப் பட்டை ஓடும். சன்னலோர நாற்காலியும் கல்லாவும் பெல்ஜியத்தில். தலை அலசும் தொட்டியும் அதற்குப் பின்னால் இருக்கும் சமையலறையும் ஹாலந்தில். பார்லே ஊரில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். எல்லைக்கோடு கட்டிலுக்கு நடுவே ஓடுகிற வீடும் இங்கே உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு நாட்டில் குறட்டை விடுவார்கள். அப்படியானால் வீடு யாருடையது என்று கேட்டால், பதில் சுலபம். வாசற்கதவு எந்த நாட்டில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டைச் சேர்ந்தது. வரி, குப்பை வண்டி, காய்ச்சல் வந்தால் செலவு யார் தலையில் என்பது, எல்லாம் அந்தக் கதவைப் பார்த்துத்தான்.

டிம்ஃப்னாவின் கதவு பெல்ஜியத்தில் இருந்தது. அதைப் பெயர்த்து ஹாலந்துக்குக் கொண்டுபோக அவள் ஏன் கிளம்பினாள், கிளம்பி என்ன கூத்தடித்தாள் என்பதுதான் கதை. சிரிக்காமல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அவள் பெல்ஜியத்துப் பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண். பதினெட்டு வயதில் கத்தரிக்கோலைப் பிடித்தவள், வாயும் அதைவிட வேகமாக வெட்டும். கட்டிக்கொண்டது ஹூப்பை. உழவு எந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், நல்லவன், கொஞ்சம் பதற்றக்காரன். மூன்று தெரு தள்ளி இருந்தாலும் அவன் வீட்டுக் கதவு ஹாலந்தில் இருந்ததால், டிம்ஃப்னாவின் அப்பா சாகும்வரை அவனை 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார். கல்யாணத்துக்கப்புறம் இரண்டு பேரும் குடியிருந்தது கடை மாடியில்.

கடையில் வியாழக்கிழமை தவறாமல் ஒரு யுத்தம் நடக்கும். ஒரு பக்கம் டாக்டர் லாம்பர்ட், பெல்ஜியத்துக் குடும்ப மருத்துவர். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இருந்தும் முடி வெட்ட வந்துவிடுவார். மறு பக்கம் ரீட், ஹாலந்துக்காரி. பிரசவம் ஆன வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இடுப்பும் பெரிசு, குரலும் பெரிசு.

"ஏன் ரீட்டம்மா, உங்க நாட்டுல கால் ஒடிஞ்சு தொங்கினாலும் பாராசிட்டமால் குடுத்துத்தானே அனுப்புவாங்க?" என்று டாக்டர் ஆரம்பிப்பார்.

"உங்க நாட்டுல தும்மினாலே ஸ்கேன் எடுக்கிறீங்களே, அது யார் அப்பன் வீட்டுக் காசு?"

"சம்பளம் வாங்குற அத்தனை பேரும் சேர்ந்து போடுற காசு. டாக்டருக்கு முதல்ல நீ குடு, அப்புறம் உன் காப்பீட்டுச் சங்கம் உனக்குத் திருப்பிக் குடுக்கும். கையிலேர்ந்து காசு போனாத்தான் மனுஷனுக்கு அருமை தெரியும்."

"கையில காசே இல்லாதவன்?"

"அவனுக்காக சங்கமே எனக்கு நேரா குடுத்துடும். நாங்க என்ன ராட்சசங்களா? உங்களை மாதிரி மாசா மாசம் காப்பீட்டுக் கம்பெனிக்காரனுக்குக் கொட்டிக் குடுத்துட்டு, வருஷத்தோட முதல் செலவை நீயே பாத்துக்கோன்னு அவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"கம்பெனிதான், ஆனா நீ சீக்காளி, உன்னைச் சேக்க மாட்டேன்னு எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. கட்ட முடியாதவனுக்கு அரசாங்கம் கை குடுக்கும். அந்த முதல் செலவு சங்கதி பிரசவத்துக்குக் கிடையவே கிடையாது. தெரியாமப் பேசாதீங்க, டாக்டரே."

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் டிம்ஃப்னா மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஏன் அடுத்தவர் நாட்டை இப்படிக் குறை சொல்கிறார்கள் என்று அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தன் மூட்டு அறுவைக்காகப் படகை விற்ற கதையைச் சொல்லிவிட்டு, "இந்த நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா? நான் இங்கேயே தூங்கிக்கிறேன்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. லாம்பர்ட்டும் ரீட்டும் அன்றைக்கு ஒரு நாள்தான் ஒரே கட்சியில் இருந்தார்கள்.

டிம்ஃப்னா இந்தச் சண்டையில் நடுவர். இருவரையும் சமமாகக் கிண்டல் செய்வாள். ஆனால் ரீட் தன் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் அவள் கத்தரி தானாக நின்றுவிடும்.

"பிள்ளை பொறந்துட்டா நாங்க போய் நிப்போம். யாரும் வான்னு கூப்பிடவே வேண்டாம். ஒரு வாரம் போல அந்த வீட்டுல இருந்து துணி துவைப்போம், கஞ்சி வைப்போம், பால் குடுக்கச் சொல்லித் தருவோம். பாக்க வர்றவங்களுக்கு ரஸ்க்குல வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவிக் குடுப்போம். தாய்க்காரி அழுதா பக்கத்துல உக்காந்துக்குவோம். அழாத தாய்க்காரியே கிடையாதுடி."

டிம்ஃப்னாவுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. இரண்டாவது முறை ஏழாம் மாதம். பெல்ஜியத்து ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தனி அறை, நல்ல டாக்டர், நல்ல சாப்பாடு, சங்கமும் காசைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தாள். ஹூப் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றபோது, குளிர்பதனப் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெல்ஜியத்திலும் கேட்டால் வீட்டுக்கு உதவிக்கு ஆள் வருவார்கள். ஆனால் கேட்க வேண்டும். டிம்ஃப்னா ஊருக்கே வாயாடி, தனக்காக ஒன்று கேள் என்றால் மட்டும் நாக்கு எழும்பாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நாற்பத்தொன்றாம் வயதில், ஆசையெல்லாம் விட்டுப்போன பிறகு, மறுபடியும் வயிற்றில் தங்கியது. ஆறாம் மாதம் தாண்டியது, ஏழும் தாண்டியது. ஹூப் நடக்கும்போதே பாட ஆரம்பித்துவிட்டான். டிம்ஃப்னாவும் சந்தோஷத்தில் வாடிக்கையாளர் ஒருவருக்கு மீசையையும் சேர்த்து வழித்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம். பிள்ளை வருமோ வராதோ, அது கடவுள் கையில். வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டுக்குள் மறுபடி தனியாகக் கால் வைக்க அவளால் முடியாது. வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அதுவும் கேட்காமலே வந்து நிற்கிற ஆள்.

ஆகவே கதவைப் பெயர்ப்பது என்று முடிவு செய்தாள். பட்டைக்கு அந்தப் பக்கம், தொட்டியோரச் சுவரில் சந்துப் பக்கமாக வாசல் திறந்துவிட்டால் வீடு ஹாலந்து, கடை ஹாலந்து, காப்பீடு ஹாலந்து, ரீட் தானாக வருவாள். இந்த ஊரில் வரிக்காகக் கதவை நகர்த்தினவர்கள் உண்டு, மதுக்கடை அனுமதிக்காக நகர்த்தினவர்களும் உண்டு. கஞ்சி வைக்க ஆள் வேண்டும் என்று நகர்த்தினவள் இவள் ஒருத்திதான்.

கொத்தனார் டோன் வந்து பார்த்தான். கைராசிக்காரன், ஆனால் அந்த வருஷம், நோன்புக்கு முன்னால் ஊரே வேஷம் கட்டி ஆடுகிற கார்னிவலுக்கு அவன்தான் இளவரசன். தலையில் மயிலிறகுத் தொப்பி ஏறப்போகிற மிதப்பு, செங்கல்லில் எங்கே மனம் நிற்கும்?

"முதல்ல புதுசை உடைக்கவா, பழசை அடைக்கவா?" என்று கேட்டான்.

"ரெண்டு கதவு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, டோன். ரெண்டு நாட்டுக்காரங்களும் வரிச்சீட்டைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க."

"அப்ப பழசை அடைச்சுடறேன்."

"அடைச்சுடு."

இதில் இருக்கிற ஓட்டை வேறு எந்த ஊர்க்காரனுக்கும் உடனே தெரிந்திருக்கும். பார்லேக்காரர்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கதவு என்றால் அது எந்த நாட்டுக் கதவு என்பதுதான் முதலில் தோன்றும், அதன் வழியாக மனுஷன் உள்ளே வெளியே போய்வருவான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் டோன் பழைய வாசலைச் செங்கல் வைத்து அழகாக அடைத்தான், பூசினான், தட்டிப் பார்த்தான். உடனே தேவாலய மணி அடித்தது, கார்னிவல் தொடங்கிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியேவிட்டான்.

"டேய், புது வாசல்?" என்று டிம்ஃப்னா சன்னல் வழியாகக் கத்தினாள்.

"கார்னிவல் முடிஞ்சதும் சாம்பல் புதன் காலையில மொத ஆளா வந்து நிப்பேன்! இளவரசன் வாக்கு!"

அன்று மாலையே இரண்டு நாட்டு நகரத் தலைவர்களும் ஊர்ச் சாவியை அவன் கையில் கொடுத்தார்கள். வழக்கம் அது, கார்னிவல் முடியும்வரை ஊர் இளவரசனுடையது. ஊருக்கே சாவி வைத்திருந்தவன் ஒரு வீட்டை வாசலே இல்லாமல் விட்டுப் போயிருந்தான். பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றிலும் அண்டை வீட்டுச் சுவர்கள். மிச்சம் இருந்தது கடையின் பெரிய சன்னல். அதன் கீழே ஹூப் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். எல்லாரும் ஏறி இறங்கினார்கள். நிறைமாத வயிற்றோடு டிம்ஃப்னாவால் மட்டும் ஏற முடியவில்லை.

"பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. புதன்கிழமை வாசல் வந்துடும். நீ போய்த் தேரை இழு," என்று ஹூப்பை விரட்டினாள். ஊர்வலத்தில் இளவரசனின் தேரை இழுக்கிற டிராக்டர் அவனுடையது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். தெருவெல்லாம் பித்தளை வாத்தியம், வண்ணக் காகிதம், 'அலாஃப்! அலாஃப்!' என்று வாழ்த்துக் கூச்சல். ரீட் ஊதா நிறப் பொய்முடிக்குச் சுருள் போட்டுக்கொள்ள சன்னலேறி வந்து உட்கார்ந்திருந்தாள். டிம்ஃப்னா அதில் கொண்டை ஊசி குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ரீட், தொட்டிக் குழாய் உடைஞ்சுடுச்சா? தரையெல்லாம் தண்ணி."

ரீட் குனிந்து பார்த்தாள். "குழாய் நல்லாத்தாண்டி இருக்கு. பனிக்குடம் உடைஞ்சிருக்கு."

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், மூச்சு வாங்கினால் மன்னிக்கவும். ரீட் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். இங்கே எந்த நாட்டுக் கோபுரம் அலையைப் பிடிக்கிறதோ அந்த நாடுதான் எடுக்கும். பெல்ஜியம் எடுத்தது. தெருப்பெயரைச் சொன்னாள்.

"வாசல் எந்தப் பக்கம்மா?"

"வாசலே இல்லை."

அந்தப் பக்கத்தில் சிரிப்பு. "கார்னிவல்னா இப்படி நிறையப் பேர் கூப்பிடுறாங்கம்மா. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."

"யோவ், நான் சொட்டுகூடக் குடிக்கலை! இங்க ஒருத்திக்குப் பிள்ளை வருது!"

டிம்ஃப்னா போட்ட கூச்சல் போனில் கேட்டது. வண்டியை அனுப்பிவிட்டார்கள். அதே நேரம் ரீட் சொல்லிவிட்ட செய்தி ஹூப்பின் காதுக்கு எட்டி, அவன் தன் போனில் கூப்பிட, ஹாலந்து எடுத்தது. அவர்களும் அதே கேள்வி, அதே பதில், கடைசியில் அவர்களும் வண்டியையும் மருத்துவச்சியையும் அனுப்பினார்கள். ஹூப் டிராக்டரிலிருந்து குதித்து ஓட்டம் பிடித்தான். டிராக்டர் சாவி அவன் பையில். இளவரசனின் தேர் ஊரின் ஒரே பெரிய தெருவில் குறுக்கே நின்றது. பெல்ஜியத்து வண்டி அந்தப் பக்கம், ஹாலந்து வண்டி இந்தப் பக்கம், இரண்டும் ஊதிக்கொண்டே நின்றன. ஜனங்கள் அதையும் ஊர்வலத்தில் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

சன்னல் வழியாக ரீட் எட்டிப் பார்த்தாள். தெருவில் மஞ்சள் இறகும் சிவப்புக் கொண்டையுமாக ஒரு பெரிய சேவல் ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டரே! ஆடினது போதும், ஏறி வாங்க!"

லாம்பர்ட் சேவல் வேஷத்தோடு சன்னலேறினார். வால் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து இளவரசன் டோன் தள்ளிவிட்டான். டிம்ஃப்னா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அதைப் பார்த்து ஒரு கணம் சிரித்தேவிட்டாள்.

"இருபது வருஷமா நான் பிரசவம் பாத்ததில்லை," என்றார் லாம்பர்ட், கொண்டையைக் கழற்றிக்கொண்டே. "ஆஸ்பத்திரிக்குப் போகணும் இது."

"எப்படிப் போறது, பறந்தா? தொட்டிப் பக்கம் கூட்டிட்டு வாங்க, வெந்நீர் அங்கதான் இருக்கு," என்றாள் ரீட்.

"அது ஹாலந்து. எனக்கு உரிமம் இந்தப் பட்டை வரைக்கும்தான். இந்த நாற்காலியிலயே இருக்கட்டும்."

"அங்க எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது, தெரியுமா?"

"நீ துண்டை எட்டிக் குடு, போதும்!"

"நீங்க கையை எட்டி நீட்டுங்க!"

டிம்ஃப்னா இருவரையும் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. "கோட்டைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினா," என்று இரைந்தாள், "ரெண்டு பேருக்கும் மொட்டை அடிச்சிடுவேன்! டாக்டருக்குப் புருவத்தையும் சேர்த்து!"

அதோடு எல்லைச் சண்டை முடிந்தது. பட்டையின் மேலேயே மெத்தை விரித்தார்கள். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. டோன் தன் இளவரசன் மேலங்கியை இரண்டு கையாலும் விரித்துச் சன்னலை மறைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"திரும்பினே, தோலை உரிச்சிடுவேன்," என்றாள் ரீட்.

"திரும்ப மாட்டேங்க," என்றான் அவன், அழாக்குறையாக. "வாசலை அடைச்ச பாவி நான்."

ஹூப் உள்ளே விழுந்து எழுந்து பெண்டாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவன் பாடவில்லை. டிம்ஃப்னா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "இந்தத் தடவையும் போயிடுமா, ஹூப்?" என்று கேட்டாள். அவன் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தான். ரீட்தான் சொன்னாள், "நான் இங்கதாண்டி இருக்கேன். தள்ளு."

தலை வந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அதுவரை உளறிக்கொண்டிருந்த லாம்பர்ட் சட்டென்று அமைதியானார். "தள்ளாதே, தாயி. கொஞ்சம் பொறு," என்றார். இறகு ஒட்டிய கையின் ஒரு விரலை நுழைத்துக் கொடியைத் தூக்கித் தலைக்கு மேலாகக் கழற்றினார். "இப்ப தள்ளு." பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, பெண். அழவில்லை. நீலமாக இருந்தது. ரீட் துண்டால் முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள், "அழுடி, அழுடி என் கண்ணே" என்று கெஞ்சினாள். வெளியே பித்தளை வாத்தியம் அலறிக்கொண்டிருந்தது, உள்ளே டிம்ஃப்னாவுக்கு எங்கேயோ குளிர்பதனப் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு செருமல், அதன் பின்னால் ஒரு அழுகை. அடேயப்பா, என்ன அழுகை! பித்தளை வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். டோன் முதுகைத் திருப்பாமலே, "அலாஃப்!" என்று கத்தினான். தெருவே திருப்பிக் கத்தியது. லாம்பர்ட்டும் ரீட்டும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊதா முடியெல்லாம் மஞ்சள் இறகு.

டிராக்டர் நகர்ந்து, இரண்டு நாட்டு வண்டிக்காரர்களும் மருத்துவச்சியும் பெட்டியோடு சன்னலேறி வந்தபோது செய்ய அதிகம் மிச்சமில்லை. தாயையும் பிள்ளையையும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் நலம், எங்கும் தூக்கிப் போக வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். இரு நாட்டுக்காரர்கள் ஒருமனதாகச் சொன்னது ஊரில் இது இரண்டாவது முறையாக இருக்கலாம்.

மறுநாள் காலை டிம்ஃப்னா கண் விழித்தபோது ஹூப் பக்கத்தில் இல்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கீழே சன்னல் திறக்கிற சத்தம், "அப்பாடா, இந்த வயசுல என்னைச் சர்க்கஸ் காட்ட வெச்சுட்டா" என்கிற குரல். ரீட் ஏப்ரன் கட்டிக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தோடு மாடிக்கு வந்தாள்.

"நீ எப்படி வந்தே?" என்றாள் டிம்ஃப்னா. "வீடு இன்னும் ஹாலந்து ஆகலையே. காப்பீட்டுக்காரங்க குடுக்க மாட்டாங்க."

"ஆமா, மாட்டாங்களாம். உன் பெல்ஜியம் சங்கத்தையும் லாம்பர்ட் கேட்டுப் பாத்தார். பொறந்தது எந்தப் பக்கம்னு அவங்க கேக்குறாங்க. பட்டை மேலன்னு சொன்னாராம். ரெண்டு நாட்டு ஆபீஸ்காரங்களும் பேசித் தீத்துக்கட்டும். நான் லீவு போட்டுட்டேன். என் லீவுல நான் யார் வீட்டுத் துணியை வேணா துவைப்பேன், எவன் கேக்குறது?"

"நான் கேக்கவே இல்லையே, ரீட்."

"கேக்கத் தெரியாதவதானே நீ," என்று ரீட் தலையணையைத் தட்டி வைத்தாள். டிம்ஃப்னா அழுதாள். ரீட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாம்பல் புதன் காலை, வாக்குக் கொடுத்தபடி டோன் முதல் ஆளாக வந்து நின்றான். மயிலிறகு போய், நெற்றியில் சாம்பல் சிலுவை. மண்டையைப் பிளக்கிற தலைவலி. கையில் சம்மட்டி. உள்ளேயிருந்து இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ரீட் ரஸ்க்கில் இளஞ்சிவப்பு மிட்டாய் தூவிக்கொண்டிருந்தாள். லாம்பர்ட் சர்க்கரைப் பாதாம் கொண்டு வந்து, பிள்ளை பிறந்தால் கொடுக்க வேண்டியது இதுதான், அவள் தூவுவது எலித் தீனி என்று அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார். சேலைத் தொட்டில்போல ஒரு துண்டில் பிள்ளையைத் தோளில் கட்டிக்கொண்டு ஹூப் பாடிக்கொண்டிருந்தான். தெருவில் பாதி ஜனம் கடைக்குள் இருந்தது.

டோன் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "டிம்ஃப்னா, வாசலை எந்த நாட்டுல வைக்கட்டும்? சொல்லு, உடைச்சுடறேன்."

தொட்டியோர நாற்காலியில் சாய்ந்திருந்த டிம்ஃப்னா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்த வாரம் வா, டோன். இப்ப உடைச்சா தூசி பறக்கும். வீடு நிறைய ஆள் இருக்காங்க."

அதையே இன்னொரு தரம், தன் காதால் கேட்பதற்காக, மெதுவாகச் சொன்னாள். "வீடு நிறைய ஆள் இருக்காங்க."